சொந்த ஊர் என்ற கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர் சேர்க்கை குறித்துச் சில வாரங்களாகத் தங்கள் நாளிதழில் வந்துகொண்டிருக்கும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். கட்டணம், கலந்தாய்வு, இடஒதுக்கீடு, காலியிடங்கள் என்று நிறையவே எழுதப்பட்டுள்ளது, எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு ஒரு மாணவர் அந்த வளாகத்தில் எப்படி இருக்கிறார், தன்னுடைய இடம் என்று அதை நினைக்கிறாரா என்பது பற்றி யாரும் எழுதக் காணோம். தனுஷ்கோடியில் பிறந்து, பாம்பனில் வளர்ந்து, வெளியூரில் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1973-ல் நான் பட்டப்படிப்பில் சேரப் போனபோது, விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் தனுஷ்கோடி என்று எழுதியிருந்தேன். அலுவலக எழுத்தர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “அதான் கடல் கொண்டுபோயிடுச்சே தம்பி, இல்லாத ஊரை எழுதினா எப்படி?” என்று கேட்டுக்கொண்டே சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ராமேஸ்வரம் என்று எழுதினார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கட்டணத்தில் எனக்குக் குறைந்த பன்னிரண்டு ரூபாயை அன்று அவர்தான் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டார். 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசே அறிவித்துவிட்டதால், அவர் எழுதியதைத் தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதே ஆண்டு, அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டு டப்பாவுக்காக விடுதியில் என்னை அறை மாற்றி, உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த தாழ்வாரக் கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அந்த விடுதியில் வாரம் இருமுறை மீன் குழம்பு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஐம்பது ஆண்டுப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். மாறியவை பல என்பதை மறுக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகும் குடும்பத்துக்கு வருமானமே இல்லாத காலம், சரியாகக் கல்லூரிச் சேர்க்கையின் மேல் வந்து விழுகிறது என்பதும், மண்டபம் மீனவர் மாநாட்டில் 2023-ல் 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்ட தடைக்கால நிவாரணம் அதற்கு எந்த மட்டும் தாங்கும் என்பதும் தனியே பேச வேண்டிய கணக்கு. பணத்தால் வரும் தடை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதற்குத் திட்டமும் வருகிறது. நான் சொல்ல வருவது விண்ணப்பங்களிலும் விடுப்புக் கடிதங்களிலும் ஒளிந்துகொண்டிருக்கும் இன்னொன்று.

நான் பணியாற்றியபோது மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் பதினோரு நாள் தொடர்ந்து வரவில்லை. திரும்பி வந்து கொடுத்த கடிதத்தில் ‘கடுமையான காய்ச்சல்’ என்று இருந்தது. கூடவே மருத்துவச் சான்றிதழும் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வாரம், இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்ட விசைப்படகு ஒன்றிலிருந்த மீனவர்களின் பெயர்ப் பட்டியலில் அவருடைய தந்தையின் பெயரை நான் செய்தித்தாளில் பார்த்திருந்தேன். தனியே அழைத்துக் கேட்டபோது அவர் சொன்னது இது: “உண்மைய எழுதினா, உங்கப்பா ஏன் எல்லை தாண்டினாருன்னு கேப்பாங்க சார். காய்ச்சல்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” தந்தை இலங்கையில் ஊர்காவற்றுறை என்னும் ஊரின் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு யாழ்ப்பாணம் சிறையில் இருக்க, மகன் மீன்துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் அலைந்துவிட்டு, 75 விழுக்காடு வருகைக்காகக் காய்ச்சல் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தார். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு காய்ச்சல் கடிதமாவது கோப்பில் இருக்கும் என்று நம்புகிறேன்.

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து படித்த மாணவிக்கோ கடிதம் எழுதும் வசதிகூட இருக்கவில்லை. முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில் அவர் நேரில் நின்றாக வேண்டும். அன்று இங்கே தேர்வு இருந்தாலும் சரி, செய்முறை வகுப்பு இருந்தாலும் சரி. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-ல் தமிழ்நாடு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மண்டபத்தில் பிறந்து, மண்டபத்துப் பள்ளியில் படித்து, கடலின் அக்கரையை ஒருமுறையேனும் மிதித்திராத அந்தப் பெண், ‘நாட்டினம்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது ஒவ்வோர் ஆண்டும் அலுவலகத்தில் வரிசையை விட்டு விலக்கி நிறுத்தப்பட்டார். வகுப்புத் தோழிகள் அவரிடம், “உங்க வீட்ல பேசுற மாதிரி கொஞ்சம் பேசேன்” என்று ஆசையாய்க் கேட்பார்கள். பேசினால் கைதட்டிச் சிரிப்பார்கள். அன்பாகத்தான் செய்தார்கள் என்பதால் அவர் யாரிடமும் முறையிட முடியவில்லை.

கீழக்கரையில் 1988-ல் மகளிருக்கென்று ஒரு கல்லூரி வந்தது, வீட்டு வாசலைத் தாண்டிப் படிக்க அனுப்பத் தயங்கிய இஸ்லாமியக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய வழியைத் திறந்தது என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அங்கே படிக்கும்வரை தான் யார் என்று ஒரு மாணவி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேற்படிப்புக்காக மதுரைக்கோ சென்னைக்கோ போய் விடுதியில் பெட்டியை இறக்கியதும், “உங்க வீட்ல தமிழ்தான் பேசுவீங்களா?” என்று அறைத்தோழி கேட்கிறார். உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் பாடச் செய்த வள்ளல் சீதக்காதியின் ஊரிலிருந்து வந்த பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி இது. பாடநூலில் சீதக்காதியைப் படித்தவர்கள்தாம் கேட்கிறார்கள் என்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

அப்துல் கலாம் அவர்களின் படத்தை மாட்டாத கல்லூரி இந்த மாவட்டத்தில் இருக்காது. ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில், தொப்பி அணிந்த அந்தச் சிறுவன் கோயில் குருக்களின் மகனுக்கு அருகே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காத புதிய ஆசிரியர் ஒருவர், அவரைப் பின்வரிசைக்கு அனுப்பியதை அவரே பதிவு செய்திருக்கிறார். நம் மேடைகளில் அந்த நிகழ்ச்சியை அடிக்கடி சொல்கிறோம்; அதன் பிற்பகுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விஷயம் வீட்டுக்குப் போன உடனேயே குருக்கள் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார்; ஆசிரியரும் திருந்தினார். தட்டிக் கேட்க ஊரில் ஒரு பெரியவர் இருந்தார், கேட்டால் கேட்கும் என்ற நிலையும் இருந்தது. வெளியூர் விடுதியில் இருக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? சாதி, மதம், மொழி, பாலினம், உடற்குறை முதலிய எதன் பேரிலும் மாணவர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்றும், ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டைத் தடுக்கத் தனி அலுவலரும் வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. நான் அறிந்தவரை அந்த அலுவலரின் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கும். அவர் முகம் மாணவருக்குத் தெரிந்திருக்காது. முதலாண்டு அறிமுக வகுப்பின் முதல் நாளிலேயே அவரை மேடையேற்றி, எதையெல்லாம் அவரிடம் சொல்லலாம் என்று தமிழில் விளக்குவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

ஆனால் எந்த அலுவலரிடமும் புகார் செய்ய முடியாத காரியம் ஒன்றை நானே செய்திருக்கிறேன். கடற்பாசிகள் பற்றிய செய்முறை வகுப்பு அது. பார்மலினில் ஊறிக் கிடந்த மாதிரியைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். பாம்பனை அடுத்த மீனவ ஊரான சின்னப்பாலத்திலிருந்து வந்த மாணவி ஒருவர், அந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு முதன்முறையாகக் கையை உயர்த்தி, “மரிக்கொழுந்து சார்” என்றார். வகுப்பே சிரித்தது. பூக்கடை மரிக்கொழுந்தை நினைத்துச் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்துவிட்டு, ‘ஜெலிடியெல்லா அசிரோசா’ என்ற அறிவியல் பெயரைப் பலகையில் எழுதி அடுத்த மாதிரிக்குப் போய்விட்டேன். அவர் சொன்னது சரியான விடை. அந்தப் பாசிக்கு எங்கள் கரையில் மரிக்கொழுந்துப் பாசி என்றுதான் பெயர். அது பாம்பன் பையனாகிய எனக்குத் தெரியும். அவருடைய தாயார் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பது அதைத்தான்; எங்கள் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் அகர் கூழைச் செய்வதும் அதிலிருந்துதான். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அன்று அந்த எழுத்தரின் சிவப்புப் பேனாவைத்தான் எடுத்தேன். மூன்றாண்டுகள் முடியும்வரை அந்த மாணவி என் வகுப்பில் மறுபடி கையை உயர்த்தவில்லை. பின்னர், 2015-ல் சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண் ஒருவர் தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருதைப் பெற்ற செய்தியைப் படித்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த வகுப்பறைச் சிரிப்புத்தான்.

கல்லூரி ஆண்டு விழாக்களில் தலையில் துண்டும் கையில் துடுப்புமாக ‘மீனவ நடனம்’ ஆடாத ஆண்டு கிடையாது. ஆடுபவர்கள் பெரும்பாலும் நகரத்து மாணவர்கள். கடலுக்குப் போய் வந்தவர்கள் கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் வேடம் மேடைக்கு வேண்டியிருக்கிறது, சொல் மட்டும் வகுப்புக்கு வேண்டாம் என்றால் எப்படி? வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மாணவர், பருவக்காற்றுப் பாடத்தில் வாய் திறக்காமல் இருப்பது அவருடைய குறையன்று. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் உயிரினங்களின் வட்டாரப் பெயரையும் சேர்த்தே குறிக்கிறார்கள். இளநிலை வகுப்பு ஆசிரியர்களாகிய நாங்கள்தாம் அதை விட்டுவிட்டோம். தொண்டியிலேயே கடலியல் துறையை வைத்திருக்கும் அழகப்பா பல்கலைக்கழகம், ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை வகுக்கும் பல்கலைக்கழகமும் ஆகும். உயிரியல் செய்முறைப் பதிவேட்டில் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில் ‘வட்டாரப் பெயர்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதற்கு ஒரு மதிப்பெண்ணும் ஒதுக்கினால் போதும். அந்தக் கட்டத்தை நிரப்ப வகுப்பு முழுவதும் கடற்கரை மாணவரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு பாம்பன், சின்னப்பாலம், தங்கச்சிமடம் பகுதிப் பெண்களிடம் கேட்டு, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழெட்டுப் பெயர்களுக்கு மட்டும் அறிவியல் பெயர் இன்னும் உறுதியாகவில்லை. அடுத்த அமாவாசைக்குக் கடலுக்குப் போகிறவர்கள் மாதிரி எடுத்து வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கல்லூரித் துறையாவது கேட்டால் நோட்டின் நகலைத் தரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.