கார் பந்தயம் வரட்டும், ஒப்பந்தக் கணக்கும் கூடவே வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபார்முலா 1 கார் பந்தயம், மோட்டோஜிபி பைக் பந்தயம் போன்ற சர்வதேசப் பந்தயத்தை நடத்த ஒரு நகரமோ நாடோ முன்வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்துவிடுவேன். எத்தனை நாடுகளில் நேரலை, எத்தனை லட்சம் ரசிகர்கள் வருவார்கள், சுற்றுலா எவ்வளவு வளரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம், அது வருடா வருடம் எத்தனை சதவீதம் ஏறும், நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. இந்த விளையாட்டைப் பிடிக்காதவர்கள் கேட்கட்டும் என்று இந்தக் கேள்விகளை விட்டுவிடக் கூடாது. பிடித்தவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

பந்தயம் நடத்துகிறவர்தான் சம்பாதிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஃபார்முலா 1-இன் வணிக உரிமை 2017 முதல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது, 2025-இல் மோட்டோஜிபியும் அதே நிறுவனத்திடம் வந்துவிட்டது. பந்தயம் வேண்டும் என்கிற உள்ளூர் ஏற்பாட்டாளர் ஆண்டுதோறும் ஒரு பெரிய தொகையைக் கட்டி அந்த உரிமையை வாங்குகிறார். ஆனால் ஃபார்முலா 1-இல் தொலைக்காட்சிப் பணம் அவருக்கு வராது. பாதையோரம் கேமராவில் தெரிகிற விளம்பரப் பலகைகளின் பணமும், பெரிய இடத்து விருந்தினர்கள் உட்காருகிற பேடாக் கிளப் பணமும் பெரும்பாலும் உரிமையாளருக்கே போய்விடும். ஏற்பாட்டாளரிடம் மிஞ்சுவது டிக்கெட் வசூல்தான். அதிலிருந்துதான் உரிமைக் கட்டணம், தடுப்புச் சுவர், வேலி, பாதையோரம் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்கள், மருத்துவ ஹெலிகாப்டர், போலீஸ் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் பணம் எடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பாதையைப் பாருங்கள். 1950-இல் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது, கூட்டத்துக்கு அங்கே என்றைக்கும் குறைவில்லை. அப்படிப்பட்ட இடத்தை வைத்திருக்கும் பிரிட்டிஷ் ரேசிங் டிரைவர்ஸ் கிளப், 2017 ஜூலையில், நஷ்டம் தாங்க முடியவில்லை, 2019 பந்தயத்தோடு விலகிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. 2015-இல் 28 லட்சம் பவுண்டும் 2016-இல் 48 லட்சம் பவுண்டும் நஷ்டம். 2010-இல் 1.15 கோடி பவுண்டாக இருந்த கட்டணம் 2017-இல் 1.62 கோடி ஆகியிருந்தது, அப்படியே போனால் 2026-இல் 2.5 கோடியைத் தொடும் என்று அவர்களே கணக்குக் காட்டினார்கள். நடுவில் யாரும் வந்து விலையைக் கூட்டவில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே ஒப்பந்தத்தில் இருந்தது. 5 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும், கூட்டு வட்டியாக ஏறினால் 14, 15 வருடத்தில் தொகை இரட்டிப்பாகிவிடும். மாடத்தில் இருக்கைகள் அப்படி இரட்டிப்பாவதில்லை, டிக்கெட் விலையையும் அந்த வேகத்தில் ஏற்றிக்கொண்டே போக முடியாது. அந்த ஒப்பந்தத்தில் இடையிலேயே விலகிக்கொள்ள ஒரு பிரிவு இருந்ததால்தான் கிளப்பால் பேரம் பேச முடிந்தது, 2019-இல் புது ஒப்பந்தம் போட்டு பந்தயமும் தொடர்கிறது. அந்தப் பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போட்டவர்களின் கதை வேறு மாதிரி முடியும்.

சரி, டிக்கெட் பணம் போதவில்லை என்றால் மீதியை யார் கொடுப்பது? பெரும்பாலான இடங்களில் அரசுதான். தென்கொரியாவின் யோங்கம் பாதைக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம், 2010 முதல் 2016 வரை. சியோலிலிருந்து பல மணி நேரப் பயணத்தில், நாட்டின் தென்மேற்கு மூலையில் இருந்த இடம் அது. பாதையைச் சுற்றி ஒரு புது நகரமே எழும்பும் என்று வரைபடம் காட்டினார்கள், எழும்பவில்லை. 2010-இல் பந்தயத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோதுதான் பாதைக்கு இறுதி ஒப்புதலே கிடைத்தது. நான்கு பந்தயம் நடந்தது, மாகாண அரசுக்கு வருடா வருடம் நஷ்டம், 2013-ஓடு முடிந்துவிட்டது.

இந்தியாவில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பாதை தனியார் முதலீட்டில் வந்தது, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தோடு. 5.125 கிலோமீட்டர் நீளம், ஓட்டுநர்கள் மனதாரப் பாராட்டிய வளைவுகள், 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயம், மூன்றிலும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். பாதையில் குறையே இல்லை, குறை எல்லாம் காகிதத்தில்தான். இது விளையாட்டா, கேளிக்கையா, கேளிக்கை வரி உண்டா என்பதே பந்தயத்துக்கு முன் முடிவாகவில்லை. முதல் பந்தயத்தின்போதே வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வை என்று உத்தரவாயிற்று. ஏற்பாட்டாளர் வெளிநாட்டு உரிமையாளருக்குத் தர வேண்டிய 4 கோடி டாலருக்கு இந்தியாவில் வருமான வரி உண்டா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017-இல்தான் வந்தது. உண்டு என்றது தீர்ப்பு, ஆனால் அதற்குள் பந்தயம் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கும் முன் வரி விஷயத்தை எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டாமா? 2023-இல் அங்கே மோட்டோஜிபி ஒருமுறை நடந்தது, மறு ஆண்டே கைவிடப்பட்டது. அந்தப் பாதையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

வேல்ஸில் நடந்தது இன்னும் விசித்திரம். எப்பு வேல் அருகே ஒரு பாதை கட்டப்போகிறோம் என்று சொல்லி, கட்டுவதற்கு முன்பே பிரிட்டிஷ் மோட்டோஜிபி நடத்தும் உரிமையை ஐந்து ஆண்டுக்கு வாங்கிவிட்டார்கள். பாதை வரவே இல்லை, பந்தயத்தைச் சில்வர்ஸ்டோனுக்குக் கொடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 2017-இல் 21 கோடி பவுண்டு அளவுக்கு ஈடு நிற்கும்படி கேட்டபோது வேல்ஸ் அரசு மறுத்துவிட்டது. அதற்குள்ளேயே சில மில்லியன் பவுண்டு பொதுப்பணம் போயிருந்தது என்றாலும், அந்த மறுப்பைத் துணிச்சலான முடிவு என்றுதான் சொல்வேன்.

அரசு பணம் போடவே கூடாது என்று நான் வாதாடவில்லை. போடுகிற விதம் முக்கியம். சிங்கப்பூர் 2008-இல் இரவுப் பந்தயத்தைத் தொடங்கியபோது, அங்கீகரித்த செலவில் 60 சதவீதத்தை அரசு ஏற்றது. கூடவே, பந்தய நாள்களில் ஹோட்டல் அறை வருமானத்தில் ஒரு பங்கைத் தீர்வையாக வசூலித்தது. பாதையை ஒட்டிய ஹோட்டல்களுக்கு 30 சதவீதம், மற்றவற்றுக்கு 20. அறை வாடகை பல மடங்கு ஏறி யாருக்கு லாபமோ அவர்களும் பங்கு கொடுக்க வேண்டும் என்கிற ஏற்பாடு அது. எனக்குத் தெரிந்து இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை. டெக்சாஸில் இன்னொரு வழி. நிகழ்ச்சியால் மாநிலத்துக்குக் கூடுதலாக வரும் வரியைக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகு திருப்பித் தருகிறார்கள். விதியில் கறாராகவும் இருக்கிறார்கள். 2018 ஆஸ்டின் பந்தயத்துக்கு, மனிதக் கடத்தலைத் தடுப்பதற்கான திட்ட ஆவணத்தை 30 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தாமதமாகக் கொடுத்ததால் அந்த வருடத் தொகையே கிடைக்கவில்லை, இத்தனைக்கும் அது கோடிக்கணக்கான டாலர்.

சுற்றுலாப் பணம் கொட்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். மெல்பர்ன் ஆல்பர்ட் பார்க்கில் 1996 முதல் பந்தயம் நடக்கிறது, விக்டோரியா மாநில அரசு பணம் போடுகிறது. 2005 பந்தயத்தை எடுத்து அந்த மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் ஆராய்ந்து 2007-இல் அறிக்கை கொடுத்தார். மாநில உற்பத்தி 6.24 கோடி ஆஸ்திரேலிய டாலர் கூடியது என்று ஒரு கணக்கு வந்தது. அதே பந்தயத்துக்குச் செலவையும் பலனையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த இன்னொரு கணக்கில், செலவுதான் 67 லட்சம் டாலர் அதிகம். இரண்டும் பொய் இல்லை. ஊர்க்காரர் டிக்கெட்டுக்குச் செலவழிக்கிற பணம் எப்படியும் ஊருக்குள் வேறு எதற்காவது போயிருக்கும், கூட்டத்துக்குப் பயந்து அந்த வாரம் வராமல் போகும் வழக்கமான சுற்றுலாப் பயணியும் உண்டு, தெரு அடைபட்டு வியாபாரம் இழப்பவரும் உண்டு. இதையெல்லாம் கழிக்கிறோமா இல்லையா என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. விளம்பரத்தில் வருவது எப்போதும் முதல் வகைக் கணக்குதான். இரண்டாவதைத் தேடி வெளியிட வேண்டிய வேலை பத்திரிகைகளுக்கு இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், அங்கே இந்த அளவுக்காவது கணக்கு வெளியே வருகிறது, ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது, எதிர்ப்பவர்களும் எண்ணை வைத்துப் பேச முடிகிறது.

இடத் தேர்வு பற்றியும் சொல்ல இருக்கிறது. ஃபார்முலா 1 நடத்த, சர்வதேசக் கார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் உயர்ந்த தரச் சான்றான கிரேடு 1 வேண்டும், மோட்டோஜிபிக்கு சர்வதேச பைக் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஎம் தனியாகச் சோதிக்கும். கார் ஓடத் தகுதியான பாதை எல்லாம் பைக்குக்கு ஆகாது, விழுந்த வீரர் சுவரில் மோதாமல் சறுக்கி நிற்க அகலமான வெளி தேவை. ஆகவே எதற்காகக் கட்டுகிறோம் என்று முதலிலேயே முடிவெடுக்காவிட்டால் பிறகு இடித்துக் கட்டும் செலவு வரும். நிரந்தரப் பாதை கட்ட வேண்டாம், தெருவிலேயே ஓட்டலாம், செலவு மிச்சம் என்று சொல்கிறவர்கள் 2023 நவம்பர் லாஸ் வேகாஸை நினைத்துப் பார்க்கட்டும். முதல் பயிற்சி தொடங்கி எட்டு நிமிடம்தான். தெருவில் இருந்த தண்ணீர் வால்வின் மூடி, மேலே போன காரின் உறிஞ்சலில் பெயர்ந்து, கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியை அடியில் கிழித்துவிட்டது. பயிற்சி ரத்து. பாதை முழுக்க மூடிகளைச் சரிபார்த்துவிட்டு இரண்டாம் பயிற்சியை அதிகாலை இரண்டரை மணிக்குத் தொடங்கினார்கள், அதற்குள் பணம் கொடுத்து வந்த ரசிகர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சைன்ஸுக்குத் தன் தப்பே இல்லாமல் பந்தயம் தொடங்கும் வரிசையில் பத்து இடம் பின்னடைவு வேறு. நடத்தியது உள்ளூர் அமைப்புகூட இல்லை, ஃபார்முலா 1 நிறுவனமே நேரடியாக. ஸ்பெயினின் வலென்சியா தெருப் பாதையும் 2008 முதல் 2012 வரை ஐந்து பந்தயத்தோடு சரி, பிறகு அந்தத் துறைமுகப் பகுதி பல காலம் பாழடைந்து கிடந்தது.

நிரந்தரப் பாதைக்கு மற்ற நாள்களில் வேலை இருக்க வேண்டும். மலேசியாவின் செபாங் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 நடத்தியது. கட்டணம் ஏறியது, கூட்டம் குறைந்தது, போதும் என்று அரசு நிறுத்திக்கொண்டது. ஆனால் பாதை சாகவில்லை. மோட்டோஜிபி அங்கே நிறைந்த கூட்டத்தோடு நடக்கிறது, அணிகள் வருடத் தொடக்கச் சோதனைக்கும் அங்கேதான் வருகின்றன. நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டையும் மதிக்கிறேன். அரசு மானியம் இல்லாமல் 2021-இல் பந்தயத்தைத் திரும்பக் கொண்டுவந்து, தங்கள் நாட்டு ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனுக்காக மாடங்கள் நிரம்பி வழிந்தபோதும், இதற்கு மேல் தனியாராக இந்த ஆபத்தைச் சுமக்க முடியாது, 2026-ஓடு முடித்துக்கொள்கிறோம் என்று 2024 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். அவ்வளவு கூட்டம் வரும் இடத்துக்கே இந்த நிலை என்றால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் எவ்வளவு யோசிக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில், 1993-இல் தென்னாப்பிரிக்காவின் கயாலமி பாதையில் நடந்த பந்தயத்துக்குப் பிறகு ஃபார்முலா 1 நடக்கவே இல்லை. அங்கே ஒரு பந்தயம் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன், புது இடங்கள் வராவிட்டால் இது பணக்கார நாடுகளுக்குள் சுற்றுகிற விளையாட்டாகிவிடும். அப்படி வரும்போது, ஒப்பந்தம் வணிக ரகசியம் என்று மூடி வைக்காமல், கையெழுத்துக்கு முன்னால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்க வேண்டும். பொதுப்பணம் ஒரு ரூபாய் போனாலும் இது பொருந்த வேண்டும். உரிமையாளருக்கு இதில் சிரமம் இருக்கும் என்பது தெரியும், ஆனால் மக்கள் பணம் வேண்டும் என்றால் மக்கள் பார்க்கவும் அனுமதிக்கத்தானே வேண்டும்.

அடுத்த முறை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இப்படி ஒரு அறிவிப்பு வரும்போது, உங்கள் செய்தியாளர் நான்கு விஷயங்களைக் கேட்டு, பதில் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றாவது அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: முதல் ஆண்டுக் கட்டணமும் கடைசி ஆண்டுக் கட்டணமும் எவ்வளவு, நடுவில் விலக வழி உண்டா, நஷ்டத்துக்கு யார் ஈடு, மற்ற நாள்களில் அந்தப் பாதையில் என்ன ஓடும்.

இப்படிக்கு,
பந்தயங்களைத் தவறாமல் பார்க்கும் வாசகர் ஒருவர்