மிஸ்டு காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய், தொழுநோய் மாதிரி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய நோய்களைக் கிராமங்களில் செல்போன் மூலம் கண்காணிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருவி வந்துவிட்டது, இனிமேல் யாரும் சிகிச்சையைப் பாதியில் விடமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதில் நிறைய இருந்தது. அப்படி ஒரு கருவியைப் பல மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் சித்தி வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் அவருக்கு விடாத இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல். சளிப் பரிசோதனையில் டிபி என்று தெரிந்தது. எடை 41 கிலோ. அந்த எடைக்குத் தினமும் 3 மாத்திரை. முதல் 2 மாதம் நான்கு மருந்து கலந்தது, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து கலந்தது.

மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை இருக்கும். மாத்திரையைப் பிதுக்கினால் உறையின் பின்பக்கம் கிழிந்து, உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், காசு கிடையாது. பிதுக்கிப் பார்க்காமல் எந்த எண் என்று தெரியாது. ஆகவே அழைப்பு வந்தால் அன்றைக்கு மாத்திரை போட்டாயிற்று என்று கணக்கு. 99டாட்ஸ் என்று அதற்குப் பெயர். நல்ல யோசனைதான். ஸ்மார்ட்போன் வேண்டாம், நெட் வேண்டாம். மிஸ்டு கால் கொடுக்க நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் சித்திக்கென்று போன் இல்லை. வீட்டில் இருந்த ஒரே போன் சித்தி மகன், என் தம்பியுடையது. அவன் செய்யாறு சிப்காட்டில் வேலைக்குப் போகிறவன். நைட் ஷிப்ட் என்றால் போனும் அவனோடு போய்விடும். சித்தி மாத்திரையை விழுங்கிவிட்டு, எண் தெரியும் அந்த உறைத் துண்டைக் கிழித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அவன் காலையில் வந்ததும் பார்த்து அழைப்பான். சில நாள் வந்ததும் படுத்துவிடுவான், அழைப்பு மறுநாளைக்குத் தள்ளிப் போகும்.

ஒருநாள் டிபி ஆபீசிலிருந்து போன். "ஏம்மா, ரெண்டு நாளா மாத்திரை போடலையா? இப்படி விட்டா அப்புறம் மருந்தே கேக்காது" என்று நல்ல திட்டு. யார் என்று சொல்லப் போவதில்லை, அவருக்குத் திரையில் தெரிந்தது அவ்வளவுதான். சித்தி அன்று ராத்திரி என்னிடம் அழுதார். "முழுங்கினதையும் முழுங்கலைன்னு சொல்றாங்க கண்ணு" என்றார். அவர் ஒரு வேளைகூட விட்டதில்லை.

இது சித்தி ஒருவருடைய கதை இல்லை. சென்னை, வேலூர், மும்பையில் இதே மிஸ்டு கால் கணக்கை, நோயாளிகளின் சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்ற பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2020-ல் வெளியானது. இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. அழைக்காதவர்களிலும் மருந்து சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும், அழைப்பு வரவில்லை என்றால் முதலில் திட்டுவது என்ன நியாயம்?

இதைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. ஐந்தாவது வாரம் சித்திக்கு வாந்தி. மாத்திரை போட்டு அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவார். ஆனால் அந்த வாரம் தம்பிக்குப் பகல் ஷிப்ட், போன் ராத்திரி வீட்டில் இருந்தது, மிஸ்டு கால் எல்லாம் ஒழுங்காகப் போனது. திரையில் பார்த்தால் அவரைப் போல ஒழுங்கான நோயாளி கிடையாது! வாந்தி எடுக்கிறது என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் அந்த உறையில் இருந்ததுதான். ஒருநாள் காதில் வைத்துக்கொண்டே இருந்து பார்த்திருக்கிறார். "அது பேச மாட்டேங்குது" என்றார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நானும் "வெறும் வயித்துல போடாதீங்க சித்தி" என்று சொன்னேனே தவிர, எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

காப்பாற்றியது கிராம சுகாதார செவிலியர். அடுத்த தெருவில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க வந்தவர், திண்ணையில் சாய்ந்திருந்த சித்தியைப் பார்த்து நின்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் மஞ்சள். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டிபி மருந்துகளில் ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். கல்லீரல் தேறிய பிறகு டாக்டர்கள் ஒவ்வொரு மருந்தாகத் திரும்ப ஆரம்பித்து, சித்தி சிகிச்சையை முழுதாக முடித்தார். இன்றைக்கு நன்றாக இருக்கிறார். அந்தக் கர்ப்பிணிக்கு அன்று பரிசோதனை நாளாக இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அயனாவரத்திலிருந்து சேத்துப்பட்டு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்க்கிறேன். 1956-ல் தொடங்கியது. சானடோரியத்தில் படுத்திருந்தால்தான் டிபி குணமாகும் என்று உலகம் நம்பிய காலத்தில், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகும், அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றுவதும் இல்லை என்று 1959-60-ல் காட்டிய ஊர் நம் மெட்ராஸ். அந்த ஆய்விலும் கண்காணிப்பு உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். வாசலில் போய் நின்றவருக்கு நோயாளியின் முகமும் தெரிந்திருக்கும், வீட்டில் உலை வைத்திருக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நான் மதிப்பதும் இதற்காகத்தான். நோய் உறுதியானதும் எடை எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எப்படி, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று ஊழியர் நேரில் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறது அது. ஒருவர் கண்ணால் பார்க்கிறார், பார்த்ததைக் கருவி குறித்து வைத்துக்கொள்கிறது. மாத்திரை சாப்பிடும் அந்த ஆறு மாதமும் அப்படி நடக்கக் கூடாதா?

தொழுநோயில் இது இன்னும் சிக்கல். கிருமி அதிகம் உள்ளவர்களுக்கு 12 மாத சிகிச்சை. அதில் க்ளோஃபாசிமின் என்ற மருந்து தோலைக் கறுக்கச் செய்யும். மருந்து முடிந்தபின் மெல்ல மெல்லத் தெளிந்துவிடும், ஆனால் முகம் கறுத்துப்போன ஒரு பெண் மாத்திரையை நிறுத்தினால், ராத்திரி எட்டு மணிக்கு வரும் நினைவூட்டல் செய்தி அவளுக்கு என்ன செய்யும்? மறதியாலா அவள் நிறுத்தினாள்? இன்னொன்று, அந்தச் செய்தியை முதலில் படிப்பது போன் யாருடையதோ அவர்தான். நோயின் பெயர் அதில் இருக்கவே கூடாது. கல்யாணம் நின்றுபோன வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

செவிலியர்கள் மேல் இன்னொரு பாரம் ஏற்றச் சொல்லவில்லை. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. தடுப்பூசி, பிரசவம், கர்ப்பிணிகளுக்கான பிக்மீ பதிவு என்று ஏற்கெனவே அவர்கள் கையில் நிறைய இருக்கிறது. புதிதாக ஒரு ஆப் கொடுக்கும்போது பழைய பதிவேடு ஒன்றையாவது எடுத்துவிடுங்கள். வீடு வீடாகப் போகிறவருக்குப் பெட்ரோல் காசை மாதம் தவறாமல் கொடுங்கள். அழைப்பு வராத வீட்டின் பெயர் மறுநாள் காலை அவர் போகும் வழியின் பட்டியலில் வரட்டும், போய்ப் பார்க்கும் முன் யாரும் போன் போட்டுத் திட்ட வேண்டாம். ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நம்பர்களையாவது பதிந்துகொள்ளுங்கள். ஒழுங்காக அழைப்பவரையும் மாதத்தில் இரண்டு தடவை நேரில் பாருங்கள், முதல் இரண்டு மாதம் கட்டாயமாக.

நிக்‌ஷய் சம்பர்க் என்று 1800 11 6666 என்ற இலவச உதவி எண் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் சித்தி அழைத்திருக்க மாட்டார். முன்பின் தெரியாத ஒருவரிடம் வாந்தி என்று சொல்ல அவருக்குக் கூச்சம். தெருவில் பார்த்துப் பழகிய நர்ஸம்மாவிடம் சொல்லியிருப்பார். அந்தக் காகித உறையின் முன்பக்கத்தில் இடம் இருந்தது. மருந்து கொடுக்கும்போதே அங்கே அந்த ஊர் செவிலியரின் நம்பரைப் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தால் போதும். இதற்குப் புதுக் கருவியோ தனி நிதியோ வேண்டாம், அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை-23