கணக்கு முடிக்காதவர்கள்

மதுரை,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம்தான். ஆனால் "மூணு வருசம் படிச்சு டிகிரி வாங்குனவன், இன்னொரு வருசம் உக்காந்து அப்படி என்னடா எழுதுன?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆனர்ஸ் ரிசல்ட் வந்துவிட்டது. நூற்றுக்கு 78. மெல்போர்னில் 80 தொட்டால்தான் முதல் வகுப்பு. அப்பாவிடம் சொன்னபோது தராசில் பூக்கூடையை வைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டுதான குறையுது, கேட்டுப் பாத்தா போட மாட்டாய்ங்களா?" என்றார். ஐம்பது கிராம் குறைந்தாலும் மறு எடை போடுகிற மனிதர்! அப்படியெல்லாம் கேட்க முடியாது என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.

இந்த ஆனர்ஸ் என்றால் என்னவென்று வீட்டில் விளக்குவதே தனி வேலையாக இருந்தது. அந்தக் காலத்து மெட்ராஸ் யுனிவர்சிட்டி பி.ஏ. ஆனர்ஸ் என்றால் எம்.ஏ.வுக்குச் சமம் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். அதனால் என்னை ஒரு மரியாதையோடு பார்க்கிறார். ஆஸ்திரேலியாவில் கதை வேறு. மூன்று வருடப் பட்டத்தை முடித்தவர்களில் மார்க்கும் விருப்பமும் உள்ள சிலர் மட்டும் சேருகிற நாலாவது வருஷம் அது. ஆய்வு முறைகள் பற்றிச் சில வகுப்புகள் உண்டு. மீதி நேரமெல்லாம் ஒரு சூப்பர்வைசரின் கீழ் ஆய்வேடு. எனக்கு வைத்த வரம்பு 15,000 சொல். அப்பத்தாவுக்கு சூப்பர்வைசர் என்றால் ஹார்வி மில்தான். "மெல்போர்ன்ல எந்த மில்லுப்பா?" என்று போன வாரம்கூடக் கேட்டாள்.

தலைப்பு உனக்குத் தெரியும்: மதுரை மல்லிகை வியாபாரத்தில் முன்பணம். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் அதை எடுத்தேன். நீயும் நானும் பிளஸ் டூ லீவில் மாட்டுத்தாவணியில் எங்கள் கமிஷன் கடையில் கூடை இறக்கியிருக்கிறோம். விடிவதற்கு முன் பறித்த மொட்டை விவசாயி கொண்டுவருவார், கடை விற்றுக்கொடுத்துக் கமிஷனைக் கழித்துக்கொண்டு பணம் தரும். இது ஊருக்கே தெரியும். தங்கச்சிமடத்திலிருந்து நாற்று வாங்க, உரத்துக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று அதே கடை முன்பணமும் தரும். அதற்கு வட்டி இல்லை. ஆனால் பூ அந்தக் கடைக்குத்தான் வர வேண்டும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், இந்த முன்பணத்தைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை என்று மெல்போர்னில் உட்கார்ந்து பொங்கினேன். என் திட்டவரைவில் 'கடன் பொறி' என்ற சொல் பக்கத்துக்கு இரண்டு முறை வந்தது.

ஆனி பிறந்ததும் ஊருக்கு வந்தேன். கையில் ஒரு கேள்வித்தாள். மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்து இல்லை என்று ஐந்து கட்டம் போட்டது. லிக்கர்ட் என்பவர் 1932இல் கொடுத்த முறை, வணிகவியல் ஆய்வில் பாதி இதில்தான் ஓடுகிறது. முதலில் உட்கார்ந்த பெரியவரிடம், "கடை தரும் விலை நியாயமானது: இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நியாயந்தான்" என்றார். "உடன்படுகிறேனா, மிகவும் உடன்படுகிறேனா?" "அதான் நியாயம்ங்கிறேன்ல தம்பி, அதுல என்ன கொஞ்சூண்டு, ரொம்ப?" இரண்டாவது ஆளோடு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பேட்டிதான் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

பேட்டிக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். அங்கே இப்படி மனிதர்களைப் பேட்டி எடுக்கிற ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், படிவம் அவர்கள் சொன்னதுதான். நான் அதை அழகாகத் தமிழில் எழுதி அச்சடித்துக்கொண்டு போனேன். நீட்டியதும் விவசாயிகள் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கமிஷன் கடைக்காரர் மகன், முன்பணம் வாங்கிய ஆளிடம், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறான்! "புரோநோட்டாப்பா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். வாய்மொழிச் சம்மதத்தை ரெக்கார்டரில் பதிந்தால் போதும் என்று குழு மாற்றித்தர மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரமும் எனக்குக் குழுவின் மேல் ஒரே கோபம். இப்போது யோசித்தால், அந்தத் தாளை நீட்டிய கணத்திலேயே என் ஆய்வேட்டின் முக்கியமான விஷயம் என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

சூப்பர்வைசர் அம்மாவோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பேச வேண்டும். அவருக்குக் காலை 10 மணி என்றால் நமக்கு 5.30. சந்தை கொதிக்கிற நேரம். டீக்கடைக்குப் பின்னால் நின்று பேசுவேன். ஏலச் சத்தத்தில் பாதி கேட்காது. முதல் இரண்டு மாதம் அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றே நினைத்தேன். எதையும் சொல்லித்தர மாட்டார். நான் அனுப்பியதில் அங்கங்கே கோடு போட்டு, ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதுவார்: "இதைச் சொன்னது அவர்களா, நீயா?"

ஆடியில் முகூர்த்தம் இல்லை. விலை படுத்துவிடும், ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். பதினாறு விவசாயிகளிடம் பேசினேன். தாளில் எழுதிப் பார்த்தால் பதினாறு பேரும் ஒரே பேச்சு. கடைக்காரர் தங்கமானவர், ஆத்திர அவசரத்துக்குக் கொடுப்பார், எடையில் சுத்தம். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், அப்பா இவ்வளவு நல்லவரா என்று. அந்த அம்மா படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "பதினாறு பேர் ஒரே மாதிரி பேசினால் நீ சந்தோஷப்படுவாயா, சந்தேகப்படுவாயா?"

பதில் ஒரு விவசாயியிடமிருந்து வந்தது. ரெக்கார்டரை அணைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தோம். "தம்பி, நல்லாத்தான் கேக்குற. ஆனா ஒங்க அப்பா கடையில எனக்குக் கணக்கு இருக்கு. ஒங்கிட்ட நான் வேற என்ன சொல்லுவேன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டியை எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை. அத்தனை நாள் உழைப்பும் ஒரு டம்ளர் மோரில் போய்விட்டது.

ரெக்கார்டர் அணைத்தபின் பேசியதை எழுத எனக்கு உரிமை இல்லை. மறுநாள் போய் அனுமதி கேட்டேன். "எழுதிக்க, ஊர் பேரப் போட்றாத" என்றார். ஆகவே ஊர் பெயரை உனக்கும் சொல்ல மாட்டேன்.

பிறகு செய்தது இரண்டு. எங்கள் கடையோடு தொடர்பே இல்லாத ஆறு பேரைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர்களும் என்னிடம் முழுசாகப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன், சந்தையில் யார் மகன் என்பது யாருக்குத்தான் தெரியாது? இரண்டாவது, நான் யார், எந்தக் கடையின் சோற்றைத் தின்று வளர்ந்தவன், அதனால் எனக்கு எது சொல்லப்பட்டிருக்காது என்று ஒன்றரைப் பக்கம் எழுதி முறையியல் அத்தியாயத்தில் சேர்த்தேன். எழுத எட்டு நாள் ஆயிற்று. வேறெந்தப் பக்கத்துக்கும் நான் அவ்வளவு கஷ்டப்படவில்லை.

அடுத்த அடி மொழிபெயர்ப்பில் விழுந்தது. பேட்டிகளை ஆங்கிலத்தில் மாற்றித் துண்டு துண்டாக வெட்டி, மொட்டைமாடியில் பரப்பி, ஒரே மாதிரிப் பேச்சையெல்லாம் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், துண்டுச் சீட்டு நிற்குமா? பாதி பக்கத்து வீட்டு முருங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. திரும்ப எழுதும்போதுதான் கவனித்தேன். 'கணக்கு' என்ற ஒரே சொல்லை ஓரிடத்தில் கடன் என்றும், ஓரிடத்தில் அக்கவுண்ட் என்றும், இன்னோரிடத்தில் பழக்கம் என்றும் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். தமிழே தெரியாத அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கேமராவுக்கு அருகில் வந்து, "அவர்களிடம் அது மூன்று சொல்லா, ஒரு சொல்லா?" என்றார்.

ஒரு சொல்தான் மாப்ள. யாரும் 'கடன்' என்று சொல்லவே இல்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்தக் கடையில எனக்குக் கணக்கு இருக்கு" என்றால் பாக்கி இருக்கிறது என்றும் அர்த்தம், போக்குவரத்து இருக்கிறது என்றும் அர்த்தம், நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்றும் அர்த்தம். தை முகூர்த்தத்தில் நல்ல காசு பார்த்தவர்கள்கூடப் பாக்கியை முழுசாகத் தீர்ப்பதில்லை, கொஞ்சம் விட்டு வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "முடிச்சுட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்குறது?" என்கிறார்கள். அவர்கள் கட்டுப்பட்டும் இருக்கிறார்கள், கட்டைத் தாங்களே அவிழ்க்காமலும் இருக்கிறார்கள். இதைப் பொறி என்று மட்டும் சொன்னால் பொய். பாசம் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். கணக்கு இருப்பவருக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தாலும் போக முடியாது. அதையும் எழுதியிருக்கிறேன், அப்பா கடை என்று பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1978இல் எழுதிய சின்னக் கட்டுரை. மொராக்கோவில் செஃப்ரூ என்ற ஊரின் சந்தையைப் பற்றியது. அப்படிப்பட்ட சந்தையில் தட்டுப்பாடு தகவலுக்குத்தான் என்கிறார். சரக்கு எப்படி, சரியான விலை என்ன என்பது யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் தினமும் புது ஆளைத் தேடி அலையாமல், பழகிய ஆளிடமே திரும்பத் திரும்பப் போகிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு சொல் வைத்திருக்கிறார். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நாம் வாடிக்கை என்கிறோம், அவ்வளவுதான்!

கடைசி அத்தியாயத்தின் முதல் வரைவை நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். நாம் பள்ளிக்கூடம் படித்தபோது இது இல்லாமல் போயிற்றே என்று இருந்தது. சுற்றிலும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற கூட்டம். ஏ.சி. இருக்கிறது, சத்தம் இல்லை, மத்தியானம் தூக்கம்தான் எதிரி. ஆவணிக் கடைசியில் மெல்போர்ன் திரும்பினேன். அப்போது கையில் 23,000 சொல். வெட்டி 15,000க்குக் கொண்டுவந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பாராட்டியிருந்தார். மற்றவர், வேறு கடைகளோடு ஒப்பிடுவதற்குப் பேட்டிகள் போதாது, ஒரே கடையின் நிழல் முழு ஆய்வின் மேலும் விழுகிறது என்று எழுதியிருந்தார். படித்ததும் எரிந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பொய் சொல்வானேன். இந்த மார்க்குக்கு பி.எச்.டி. உதவித்தொகை கிடைப்பது கஷ்டம். தை முடியும்வரை கடையில் இருக்கிறேன், பிறகு வேலை தேட வேண்டும்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தமிழில் இரண்டு பக்கம் எழுதிப் போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோர் கொடுத்தவர் படித்துவிட்டு, "இதுக்கா வெளிநாடு போன? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு மணி நேரத்துல சொல்லியிருப்பேன்ல" என்றார். முதலில் கேட்டபோது சொல்லவில்லையே என்றேன். சிரித்தார். அப்பாவும் படித்தார். பக்கத்துக் கடை இரண்டு ரூபாய் வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது எல்லாக் கடையிலயும் உண்டுதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. போடலாமா என்று கேட்டிருந்தாய். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக நாலு வருஷம் ஓட்டியவனுக்கு வகுப்பில் கற்றுத்தர என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பிரமோஷனுக்கு அந்தத் தாள் வேண்டுமென்றால் போடு. ஆனால் கடைசி செமஸ்டர் புராஜெக்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கிவிடாதே. ஜாப் ஒர்க் எடுக்கிற சின்ன யூனிட்டுக்காரர்கள் பணம் எப்போது வரும் என்று தெரியாமல் எப்படித் தொழில் நடத்துகிறார்கள் என்று நீ போன தடவை ஒரு மணி நேரம் பேசினாயே, அதையே எழுது. நீ ஆர்டர் கொடுக்கிறவன், அதனால் உன்னிடம் முழுசாகச் சொல்ல மாட்டார்கள் என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள். எனக்கு அது பதினாறு பேட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாரா? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கச்சி கல்யாணத்துக்குப் பூ நம் பொறுப்பு. ஆனால் எத்தனை கிலோ, எத்தனை மாலை என்று இப்போதே சொல்லிவிடு. பனி விழ ஆரம்பித்துவிட்டது, மொட்டு குறைந்துகொண்டே வருகிறது. தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், கடைசி நேரத்தில் அப்பாவாலேயே ஒன்றும் செய்ய முடியாது. அட்வான்ஸ் எதுவும் அனுப்பாதே. கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

உன்
மச்சான்