செயலாளர் ஐயா, குழு முகவரியை மறைத்து அனுப்புங்கள்

நம் நகர்க் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் குழு முகவரிக்குப் போன வாரம் வந்த சந்தா நினைவூட்டல் மெயிலும், அதன் பின் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது தெரு அம்மா, தன் பதில் செயலாளருக்கு மட்டும்தான் போகிறது என்று நம்பி, பணம் கட்ட ஏன் தாமதமாகிறது என்று மனம் விட்டு எழுதினார். அது நகர் முழுக்கப் போனது. என்ன எழுதினார் என்று இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை, ஒரு முறை பரவியதே போதும். வந்த பதில்களைச் சொல்கிறேன். ஒருவர் நாட்டு மருந்து சொன்னார். ஒருவர் கும்பிடும் கை படம் போட்டார். இன்னொருவர் "என்னை லிஸ்டில் இருந்து எடுங்கள்" என்று எல்லோருக்கும் எழுதினார். மறுநாள் காலை ஆவின் பூத்தில், அத்தனை பேர் நடுவே, "சாருக்கு எப்படி இருக்கு? பணத்துக்கு என்ன பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அம்மா பால் வாங்காமலே திரும்பிவிட்டார். இப்போது பூத்துக்கு அவர் மகன்தான் வருகிறான்.

குழு முகவரியை 'டூ' கட்டத்தில் போட்டு அனுப்பியது சங்கம். அங்கே சங்கத்தின் சொந்த முகவரியைப் போடுங்கள், குழு முகவரியை, பெறுபவர் முகவரியை மறைக்கும் 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள். அப்புறம் யாராவது 'ரிப்ளை ஆல்' அமுக்கினாலும் பதில் சங்கத்துக்குத்தான் வரும். நம் குழு இருக்கும் கூகுள் குரூப்ஸில் மெயிலின் அடியில் குழு முகவரி எட்டிப் பார்க்கலாம் என்பதால் பிசிசி மட்டும் போதாது. அதன் செட்டிங்ஸில், யார் மெயில் போடலாம் என்ற இடத்தில் நிர்வாகிகள் மட்டும் என்று மாற்றுங்கள். பதில்கள் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கும் அங்கேயே ஒரு செட்டிங் இருக்கிறது. இதற்குக் கமிட்டி கூட்ட வேண்டியதில்லை.

முகவரி வெளியே போனதன் பலனும் வந்துகொண்டிருக்கிறது. ஒத்தக்கடைப் பக்கம் மனை, வாடிப்பட்டிப் பக்கம் மனை, உடனடிக் கடன் என்று மனை வியாபாரிகளெல்லாம் நம் சங்கத்தில் சந்தா கட்டாத உறுப்பினர்கள் ஆகிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் மட்டும் ஒரு நாளும் மெயிலில் வருவதில்லை. மழைக்குச் சாக்கடை மூடி மிதப்பதைப் பற்றி எழுதினால் பதிலே இல்லை. சந்தா பாக்கி என்றால் மட்டும் நகருக்கே தண்டோரா. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது. சரி, சட்டம் பேச நான் வரவில்லை.

சம்பளமில்லாமல் உழைக்கிறீர்கள், அது தெரிந்துதான் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த பொதுக்குழு அறிவிப்பையாவது குழு முகவரியை மறைத்து அனுப்புங்கள். அந்த அம்மாவின் மெயிலும் அதற்கு வந்த பதில்களும் குழுப் பக்கத்தில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எங்கள் இன்பாக்ஸில் இருப்பதை உங்களால் அழிக்க முடியாது. அங்கே இருப்பதை முடியும். இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நகர்வாசி ஒருவர், மதுரை