மொட்டைமாடியிலிருந்து எங்களை இறக்கியவர்களுக்கு

மிகவும் பிரியமானவர்களே,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஆறு தூத்துக்குடி மாவட்டத்து எங்கள் ஏரல் பக்கம் ஊருக்குள் புகுந்தபோது எங்கள் குடும்பத்தைத் தாங்கிய எல்லாருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். வீடு வீடாக வந்து கையைப் பிடித்துச் சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால் யார் கண்ணிலாவது படட்டும் என்று இப்படி எழுதுகிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோவிலில் நாலு வரிசைகூட நிரம்பவில்லை. இரவு வீடு வீடாய்க் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போக வேண்டிய பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதெல்லாம் பிற்பாடு கேள்விப்பட்டதுதான். அந்த ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது, குளம் உடைந்துவிட்டது என்று தெருவில் கேட்ட சத்தமும், கரண்டும் போனும் ஒன்றாய்ப் போனதும், தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், கணுக்காலுக்கு நின்ற தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு ஏறியதும்தான்.

முதல் நன்றி பக்கத்து மாடிவீட்டு அண்ணாச்சிக்கும் மதினிக்கும். இருட்டில் டார்ச்சோடு வந்து, "அம்மையத் தூக்கிட்டு மேல வாங்க, சாமான் கெடக்கட்டும்" என்று சத்தம் போட்டது அண்ணாச்சிதான். நான் பைபிளையும் பத்திரத்தையும் தேடிக்கொண்டு நிற்கையில், 78 வயதான என் அம்மாவை அவரே முதுகில் சுமந்து படியேறிவிட்டார். அவருடைய கீழ்வீட்டில் அப்போது அரிசி மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நாங்கள் 23 பேர். மதினி மாடிப்படியில் அடுப்பை வைத்து, இருந்த கருப்பட்டியைத் தட்டிப்போட்டு எல்லாருக்கும் ஆளுக்கு அரை தம்ளர் கடுங்காப்பி கொடுத்தார்கள். தங்களுக்கு மிஞ்சியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட வேண்டும். மருந்துக் குப்பியை நான் மறக்காமல் எடுத்து வந்திருந்தேன், ஆனால் அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டுமே. ஃபிரிட்ஜ் தண்ணீரில் மிதக்கிறது, கரண்ட் எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. மதினி மாடியில் செடி வைத்திருந்த மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, வீடு கட்டி மிச்சமாய்க் கிடந்த ஆற்று மணலை அதில் நிரப்பி நனைத்து, நடுவில் ஒரு சின்னக் கலயத்தைப் பதித்து, குப்பியை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடினார்கள். மணல் காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் அந்தச் சட்டிதான் எங்களுக்கு ஃபிரிட்ஜ்.

அப்புறம் வள்ளத்தோடு வந்த தம்பிமார். தூத்துக்குடியிலிருந்து பைபர் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு, சாலை அறுந்த இடத்தில் தண்ணீரில் இறக்கி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் தெருவுக்குள் வந்தீர்கள். கடலில் ஓட்டுகிறவர்கள் மின்கம்பிக்குக் கீழே குனிந்து குனிந்து ஓட்டி வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். இழுப்பு பலமாக இருந்ததால் மாடிப்படித் தூணில் கயிற்றைக் கட்டி வள்ளத்தை நிறுத்தினீர்கள். முதலில் பிள்ளைகள், பிறகு அம்மா. புறப்படும்போது உங்களில் மூத்தவர் சிலுவை அடையாளம் போட்டு, "மாதாவே, கூட வாங்க" என்றார். எங்கள் சபையில் மாதாவிடம் வேண்டுகிற வழக்கம் கிடையாது. அன்றைக்கு என் அம்மா சத்தமாய் "ஆமென்" சொன்னார்கள்.

மேட்டில் இருந்த கோவிலில்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அங்கே ராப்பகலாய்ப் பொங்கிப் போட்ட பெண்கள் ஐக்கியச் சங்கத்தாருக்கும், கோட்டுக் கையை மடித்துவிட்டுப் பாத்திரம் கழுவிய எங்கள் சபைப் போதகர் சேகரகுரு ஐயருக்கும் நன்றி. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்த நர்சம்மாவுக்கும் நன்றி. காயல்பட்டினத்திலிருந்து டிராக்டரில் ரொட்டியும் தண்ணீர் கேனும் கொண்டுவந்த வாலிபர்களை எப்படி மறப்பேன்? உங்கள் வீடுகளிலேயே தண்ணீர் இன்னும் வடியவில்லை என்று நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது. அம்மா அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேதத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பம் கொண்டுவந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் இருந்தார்களே, அவர்களுக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுத்தான் பொங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் அதற்குள் உங்களையெல்லாம் பார்த்திருந்தேன்.

சேறு அள்ள மண்வெட்டியோடு வந்த கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள், வெளியூர்களிலிருந்து வந்து தெருவில் நின்ற தூய்மைப் பணியாளர்கள், கம்பத்தில் ஏறிய மின்வாரிய அண்ணன்மார், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அரசு கொடுத்த 6,000 ரூபாயில் பாயும் பாத்திரமும் வாங்கினோம்.

வருடக் கடைசி ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எதிர்வரிசையில், இந்த வெள்ளத்தில் தகப்பனைப் பறிகொடுத்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் எங்களைவிடக் குறைவாகவா ஜெபித்தார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல் பேசுகிறவர்கள் அந்தக் குடும்பத்தோடு ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஆண்டவர் கைவிட்டார் என்று என்னால் சொல்லவே முடியாது. என் அம்மாவைச் சுமந்த முதுகு என் கண்ணெதிரே இருக்கிறது. மணலில் தண்ணீர் தெளித்த கை இருக்கிறது. ஆகவே மாடிவீட்டு அண்ணாச்சி, மதினி, வள்ளக்காரத் தம்பிமார், நர்சம்மா, காயல்பட்டினத்துப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராய்ச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சாட்சி அவ்வளவுதான். அந்தக் குடும்பத்து அக்கா ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, தன் தகப்பனாரைத் தேட வந்தவர்களும் அதே வள்ளக்காரர்கள்தான் என்றார்.

குத்தகைக்கு எடுத்துப் போட்டிருந்த 1,200 ஏத்தன் (நேந்திரம்) வாழையும் குலை தள்ளுகிற நேரத்தில் சாய்ந்துவிட்டது. கடன் இருக்கிறது. மேட்டூர் விவசாயி ஒருவர், "காசு அறுவடைக்கு அப்புறம் பார்த்துக்கலாம், கன்னைக் கொண்டுபோ" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் நன்றி. வயலில் வண்டல் படிந்து கிடக்கிறது, ஈரம் கொஞ்சம் வாங்கியதும் நடப்போகிறோம்.

வள்ளக்காரத் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கட்டு நனைந்து இறுகி அவிழாமல் போகவே, கயிற்றை அறுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினீர்கள். தூணில் நின்ற மீதிக் கயிற்றை அவிழ்த்து, கழுவிக் காயவைத்து, எங்கள் தார்சாவில் ஆணியில் மாட்டியிருக்கிறோம். எங்கள் கோவில் அசனத்துக்கு, ஊரே கூடிச் சாப்பிடும் அந்த விருந்துக்கு, இலை போடும்போது உங்களுக்கும் சேர்த்துத்தான் பொங்குவோம். வந்து சாப்பிட்டுவிட்டுக் கயிற்றை எடுத்துப் போங்கள்.

கர்த்தருக்குள் அன்புடன்,
ஏரல் பக்கத்து வாழை விவசாயி ஒருவனும் குடும்பத்தாரும்