புரொஜெக்டர் மாட்டப் போகும் பங்காளிக்கு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வண்டி ஹெட்லைட்டைப் பற்றி நீ கேட்டதற்குக் கீழே எழுதியிருக்கிறேன். நாமக்கல் வீட்டு வேலை ஒருவழியாக முடிந்ததும் பெரியவன் வேலையில் சேர்ந்ததும் படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நன்றாக இருக்கிறார். மகள் அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். சேர்ந்திருக்கிறாள். ஐப்பசி மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை, ஊருணி தளும்புகிறது.

எனக்கு இப்போது பெரும்பாலும் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் லோடுதான். சூளையில் சுடாத கல், உனக்குத் தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் வர்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு எடுத்துத் தண்ணீரில் ஊற வைப்பது. வைக்கோல் எவ்வளவு வைத்தாலும், வண்டி ஒரு பள்ளத்தில் தொம்மென்று இறங்கினால் நாலு கல்லுக்கு மூலை போய்விடும். போய் இறக்கும் இடத்தில் உடைந்த கல்லை எடுத்து நம் முன்னால் வைப்பார்கள் பார், அந்த முகத்தைப் பார்க்கவே கூடாது. ராத்திரியில் ரோடு நன்றாகத் தெரிந்தே ஆகவேண்டும் என்று நான் விளக்கில் இவ்வளவு மெனக்கெட்டதற்கு அதுதான் காரணம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எல்.இ.டி. பல்பை வாங்கிப் பழைய ஹெட்லைட்டிலேயே மாட்டிவிடலாமா, லென்ஸ் வைத்த எல்.இ.டி. புரொஜெக்டர் விளக்குதான் போட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பல்பை மட்டும் மாற்றாதே. அதற்குப் பழைய ஹாலஜன் பல்பே மேல்.

கழற்றிப் போட்ட ஹெச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே உள்ள ஹாலஜன்) ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிம்முக்கான இழையின் அடியில் மட்டும் குழிவாக ஒரு சின்னத் தகடு. டிம்மில் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அந்தத் தகடு மறைக்கிறது. கீழ்ப்பாதியில் பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி எதிராளியின் கண்ணுக்குப் போகும். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது. எல்.இ.டி. பல்பில் இழையும் கிடையாது, சரியாக அந்த இடத்திலிருந்து வெளிச்சமும் வராது. பட்டையான தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லு. விளைவு, வெளிச்சம் கன்னாபின்னாவென்று சிதறுகிறது. வண்டிக்கு முன்னால் பத்தடி பளீரென்று தெரியும், புளியமரத்து உச்சி தெரியும், ஓட்டுகிறவனுக்கு ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி இருக்கும். தூரத்துப் பள்ளம் தெரியாது.

எதிரில் வருகிறவன் கதிதான் அதைவிட மோசம். தை மாதம் இந்தப் பக்கம் ராத்திரியில் ஓட்டியிருக்கிறாய், நினைத்துப் பார். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு வெகு முன்பே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பின்னாலேயே மற்ற ஊர்க் கூட்டங்களும். ரோட்டோரம் பூராவும் ஆட்கள், வயதானவர்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள். இரண்டு வண்டி எதிரெதிரே வரும்போது, நடுவில் ஓரமாக நடக்கிற ஆள் அந்த வெள்ளை வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போய்விடுகிறார். வண்டி தாண்டிய பிறகும் கண் இருட்டுக்குப் பழகச் சில நொடி ஆகிறது. அந்தச் சில நொடி நாம் குருடர்கள்தான். அதனால் ஒரு விளக்கைப் பார்க்கும்போது எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. வெளிச்சம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்றுதான் கேட்பேன்.

புரொஜெக்டரின் மகிமையே அந்தக் கோடுதான். உள்ளே நீள்வட்ட வளைவில் ஒரு கிண்ணம். அதன் ஒரு குவியத்தில் விளக்கு, இன்னொரு குவியத்தில் போய் வெளிச்சம் எல்லாம் கூடுகிறது. கூடுகிற இடத்தில் ஒரு தகடு நிற்கிறது. முன்னால் தடித்த லென்ஸ். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்பதால், கீழே நிற்கும் தகட்டின் விளிம்பு ரோட்டில் மேல்கோடாக விழுகிறது. கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு. பிரைட் போட்டால் ஒரு சின்னக் காந்தம் தகட்டைச் சாய்த்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு டிம்-பிரைட் போட்டுப் பார்த்தால் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்காவிட்டால் அந்தப் பக்கத் தகடு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் கோடு நேர்கோடு இல்லை. ஒரு பக்கம் படி மாதிரி ஏறும், ஓரத்து ஆளையும் போர்டையும் காட்டுவதற்காக. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், படி இடது பக்கம்தான் ஏற வேண்டும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்த சரக்கில் அது வலது பக்கம் ஏறும். அதை இங்கே மாட்டினால் எதிர்வண்டி டிரைவரின் முகத்துக்கு நேராகவே போகும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. இங்கே ஒரு கடையில் அந்தச் சரக்கையே எடுத்து வைத்து, ‘எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, தலைகீழா மாட்டிக்கலாம்’ என்றார்கள். தலைகீழாக மாட்டினால் இருட்டு கீழே வரும், வெளிச்சம் வானத்துக்குப் போகும். அவர்கள் சொன்னதை இன்னும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கரண்ட். உன் வண்டி 24 வோல்ட். சந்தையில் கிடைக்கும் புரொஜெக்டர் பலவும் கார்களுக்கான 12 வோல்ட். 24-க்கும் தாங்கும் டிரைவர் (எல்.இ.டி.க்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி) உள்ளதாகப் பார், இல்லாவிட்டால் 24-ஐ 12 ஆக்கும் நல்ல கன்வர்ட்டர் போடு. சார்ஜ் ஏறும்போது 28 வோல்ட் வரை போகும் என்பதையும் நினைவில் வை. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கவே எடுக்காதே. ஒரு பேட்டரி எப்போதும் குறைந்தே கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும், இரண்டும் சீக்கிரம் போய்விடும். பேட்டரி பற்றி ஆராய்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து நடக்கிற ஊர் இந்தக் காரைக்குடி, இங்கேயே பாட்டுப் பெட்டிக்கு அப்படித்தான் இழுத்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்விட்ச் வழியாக வரும் பழைய வயரை நம்பாதே. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பியூஸ், ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்). ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்கச் சொல். இன்னும் ஒன்று சொல்கிறேன். புரொஜெக்டர் வாங்குவதற்கு முன்னால் இந்த வயரிங்கை மட்டும் செய்து பழைய ஹாலஜனோடு ஒரு ராத்திரி ஓட்டிப் பார். ஹாலஜனுக்கு வோல்ட் பத்துச் சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். அந்த முப்பது திரும்பக் கிடைத்ததும் இதுவே போதும் என்று உனக்குத் தோன்றினாலும் தோன்றலாம். தோன்றினால் பணம் மிச்சம்.

ஹெட்லைட்டைச் சூடு காட்டிப் பிரித்து ஒட்டுவது பழகியவர் வேலை. பசை முழுச்சுற்றும் பிடித்திருக்கிறதா, காற்றுப் போகும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார். ஹாலஜன் சூட்டில் முன்கண்ணாடி தானாகக் காய்ந்துவிடும். எல்.இ.டி.யில் சூடு பின்பக்கமாகப் போவதால் மார்கழிப் பனியில் உள்ளே வேர்த்து நிற்கும். நிறத்தைக் கேட்டால் (அதைக் கெல்வினில் சொல்வார்கள்) 6000 கெல்வின் நீலவெள்ளை வேண்டாம். எனக்கு 4300-தான் பிடித்திருக்கிறது, மழையில் கண் களைப்பதில்லை.

மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எலக்ட்ரீஷியன் கையைத் துடைப்பார். விடாதே. வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும். இங்கே எங்களுக்குச் சுவருக்குப் பஞ்சமில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். பலதும் பூட்டிக் கிடக்கின்றன, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு மட்டும் வந்து திறப்பார்கள். பொட்டலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு பக்கச் சுவரைக் காவல்காரரிடம் கேட்டுக்கொண்டேன். சுண்ணாம்புச் சாந்தில் மெழுகிய சுவர், வழவழவென்று, கோடு அப்படியே அச்சடித்தாற்போல் விழுந்தது. கல்லை முழுதாக ஏற்றிய பிறகுதான் வண்டியைக் கொண்டுபோனேன். பின்பக்கம் இறங்கினால் மூக்கு தூக்கும், காலி வண்டியில் வைத்த கோடு லோடில் எதிராளியின் கண்ணுக்கு ஏறிவிடும். டயர் காற்றைச் சரிபார்த்து, 10 மீட்டர் தள்ளிச் சமதரையில் நிறுத்தி, லென்ஸின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் விளிம்பு இரண்டாவது கோட்டில் உட்கார வேண்டும். விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் சுமார் 67 மீட்டரில் தரையைத் தொடும். டிம்மில் அது போதும், அதற்கு மேல் வேண்டுமானால் பிரைட் இருக்கிறது.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதியும் இதைத்தான் கேட்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. காவல்காரரையே அந்த இடத்தில் நிற்க வைத்துக் கேட்டேன். ‘லென்ஸ் தெரியுது, கண்ணு கூசல’ என்றார். ஆனாலும் கம்பெனி கொடுத்ததை மாற்றினால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது கேள்வி வரலாம். உன் பகுதி பிரேக் இன்ஸ்பெக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள். கழற்றிய பழைய செட்டை யாருக்கும் விற்றுவிடாதே.

நீ மாட்டியதும் லோடோடு சுவரில் அடித்து, டிம்மில் ஒன்று, பிரைட்டில் ஒன்று போட்டோ எடுத்து அனுப்பு. படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எலக்ட்ரீஷியனுக்குப் பாதிப் பணத்தைக் கையில் நிறுத்தி வை.

அன்புடன்,
உன் பங்காளி,
காரைக்குடி