சவுக்கின் உறவு மரமும் ஒரு கிளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியக் காட்டுத்தீ குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, எரிந்த இடமெங்கும் உடனே மரக்கன்றுகளை நட வேண்டும் என்று முடிந்திருந்தது. அக்கறையோடு எழுதியது தெரிகிறது. ஆனால், அடிலெய்டில் வாழும் எனக்கு 'எங்கும்', 'உடனே' ஆகிய இரண்டு சொற்களிலும் உடன்பாடில்லை.

2019 டிசம்பரில் தொடங்கி 2020 ஜனவரியில் உக்கிரமடைந்த தீ, தென் ஆஸ்திரேலியக் கடற்கரைக்கு அப்பால் உள்ள கங்காரு தீவில் ஏறக்குறையப் பாதியை எரித்தது. கரியாகி நின்ற யூகலிப்டஸ் மரங்கள் செத்துவிட்டன என்றே நானும் நினைத்தேன். சில மாதங்களிலேயே பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் வெடித்து, அடிமரமெல்லாம் தளிர் போர்த்திக்கொண்டது. சாம்பலில் உதிர்ந்த விதைகளும் முளைத்தன. தானே எழுந்துவரும் அந்தக் காட்டுக்குள் மண்வெட்டியோடு நுழைந்தால் முளைகளை மிதிப்போம். காலணி மண்ணில் களைவிதையையும் வேரழுகல் நோயையும் சுமந்து செல்வோம்.

நட வேண்டிய இடமும் மரமும் வேறு. பளபளப்புக் கருங்காக்கட்டூ என்ற கிளியின் ஒரு துணை இனம் இன்று அந்தத் தீவில் மட்டுமே வாழ்கிறது. அதன் உணவு ஏறத்தாழ முழுவதும் ஒரே மரத்தின் விதைதான். நம் சவுக்கின் நெருங்கிய உறவான, கிளைகள் தொங்கும் ஷீஓக் மரம் அது. நாம் சிறுவயதில் பொறுக்கி விளையாடிய சவுக்குக் காய் போலவே இருக்கும் அதன் காயை அலகால் சிதைத்து, பொடி விதைகளை எடுத்துத் தின்னும். இந்த மரமோ தீயில் பெரும்பாலும் மடிந்துவிடும். விதையிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம்தான் காய்க்கும், அதுவும் சில ஆண்டுகள் கழித்து. நடும்போது கன்று ஆணா பெண்ணா என்று தெரியாது. அதனால்தான், காடழித்துப் பண்ணையாக்கிய, மண்ணில் விதையே மிஞ்சாத நிலங்களில் இதை நிறைய நட வேண்டியிருக்கிறது.

குளிர்கால நடவு ஒன்றுக்கு நானும் சென்றிருக்கிறேன். குழி தோண்டியதைவிட, கங்காருவும் அதன் சிறிய உறவான வாலபியும் மேயாதபடி கன்றுகளுக்குக் காப்புக் கூண்டு கட்டியதில்தான் அதிக நேரம் போனது. அந்த வேலை எந்தப் புகைப்படத்திலும் வருவதில்லை.

அந்தக் கிளி கூடு கட்டத் தேவையான பொந்து, முதிர்ந்த யூகலிப்டஸில்தான் உண்டாகும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் செயற்கைக் கூடுகளையும் மரத்தில் பொருத்துகிறார்கள். பாசம் (possum) என்ற மரமேறி விலங்கு ஏறி முட்டையைத் தின்னாமலிருக்க அடிமரத்தைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள்.

அடுத்த முறை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை வெளியிடும்போது, எந்த மரம், விதை எங்கே சேகரித்தது, எத்தனை பிழைத்தன என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
அடிலெய்டு வாசகர் ஒருவர்